டொமைன் பதிவில் பதினான்கு கேள்விக்குறிகள்

நிலாவெளிப் பக்கத்தில் உள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இணையத்தளத்தை நான் பராமரித்து வருகிறேன். அந்தத் தளத்தின் டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், யாருக்குச் சொந்தம் என்று இப்போது யார் தேடிப் பார்த்தாலும், சங்கத்தின் பெயர் தமிழில், ஓர் எழுத்தும் பிசகாமல் வருகிறது. பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் எழுதிய வடிவமும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு அதே இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நின்றன. இடையில் செய்தவற்றை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். திருகோணமலையில் சனசமூக நிலையம், கோயில், விளையாட்டுக் கழகம் என்று தளம் வைத்திருக்கும் பலருக்கும் இந்த வேலை ஒருநாள் வரத்தான் போகிறது.

டொமைனை முதலில் பதிவு செய்தவர் சங்கத்தின் முன்னைய செயலாளர். அப்போது வசதிக்காகத் தம் சொந்தப் பெயரிலேயே எடுத்திருந்தார். அவர் வெளிநாடு போய்விட்டார். நல்ல மனிதர், கேட்டதும் கணக்கின் கடவுச்சொல்லைத் தந்துவிட்டார். ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும்வரை விதிப்படி டொமைன் அவருடையது. நிர்வாகக் கூட்டத்தில் அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றுவதென்று தீர்மானித்து என்னிடம் ஒப்படைத்தார்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. பொருளாளர் அக்கா கோப்பைத் திறந்து காட்டினார். பதிவுச் சான்றிதழ், கூட்டறிக்கைப் புத்தகம், றப்பர் முத்திரை எல்லாம் தமிழில். ஆங்கிலத்தில் சங்கத்தின் பெயர் மூன்று விதமாக இருந்தது: காசோலைப் புத்தகத்தில் ஒன்று, 2004 சுனாமிக்குப் பிறகு படகும் வலையும் கொடுத்த தொண்டு நிறுவனங்களின் கடிதங்களில் இன்னொன்று, மின்னஞ்சல் முகவரியில் வேறொன்று. நாளைக்குக் கணக்கு பறிபோனால், அல்லது யாராவது உரிமை கொண்டாடினால், டொமைனை நமக்கு விற்ற பதிவு நிறுவனம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான்: பதிவேட்டில் உள்ள பெயரும் உங்கள் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றா? ஒன்று என்று காட்டக்கூடிய ஒரே பெயர் தமிழ்ப் பெயர்தான். அதனால் தமிழிலேயே ஏற்றுவது என்று முடிவாயிற்று.

தொடங்குவதற்கு முன் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். டொட் கொம் போன்ற பொதுப் பெயர்களில் உரிமையாளரின் பெயரையோ அமைப்பின் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால், அடுத்த 60 நாட்களுக்கு அந்த டொமைனை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழும். 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி இது. மாற்றத்துக்கு முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிடச் சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. இங்கே அந்தப் பெட்டி படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. குறியிட்டுவிட்டேன். பின்னால் அது பெரிய உதவியாயிற்று.

படிவத்தில் அமைப்பின் பெயரைத் தமிழில் ஒட்டினேன். எந்த முறைப்பாடும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. உறுதி செய்யும் மின்னஞ்சலும் வந்தது. பிறகு பதிவேட்டைத் தேடிப் பார்த்தால் கேள்விக்குறிகள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விக்குறிகளே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டன. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு 'கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்' என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் 18 எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் முறை அப்படி எண்ணுவதில்லை. அகரம் ஏறிய எழுத்து, அதன் மேல் வரும் புள்ளி, கொம்பு, கால், விசிறி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. அந்தக் கணக்கில் முதற்சொல் 13, இரண்டாவது 11, மூன்றாவது 6. ஒவ்வொன்றும் கணினியில் சேமிக்கப்படும்போது மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) பிடிக்கும். இரண்டு இடைவெளிகளையும் சேர்த்தால் மொத்தம் 92 பைட்.

திரையில் இருந்த கேள்விக்குறிகளைப் பென்சிலால் தாளில் கோடு போட்டு எண்ணினேன். முதற்சொல்லில் 14, அடுத்ததில் 11, கடைசியில் 6. ஒவ்வொரு பைட்டும் கேள்விக்குறியாகியிருந்தால் முதற்சொல்லில் மட்டும் 39க்குக் குறையாமல் வந்திருக்கும். அப்படியானால் தமிழ் எழுத்து அவர்களின் கணினிவரை தமிழாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த ஒரு தரவுத்தளத்தில் இறக்கும்போதுதான் யுனிகோட் குறிக்கு ஒன்றாகக் கேள்விக்குறி விழுந்திருக்கிறது. இது மீட்க முடியாத வகை. எல்லாக் கேள்விக்குறியும் ஒரே கேள்விக்குறி. அதற்குள் ககரம் இருந்ததா மகரம் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் 13க்குப் பதிலாக ஏன் 14? அதற்கான விடை சங்கத்தின் பழைய கோப்பில் இருந்தது. நான் ஒட்டிய பெயர் செயலாளர் தந்த வேர்ட் கோப்பிலிருந்து எடுத்தது. அது யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, பிறகு ஏதோ ஒரு மாற்றியால் யுனிகோடாக்கப்பட்டது. பாமினியில் 'றொ' எழுதும்போது ஒற்றைக் கொம்பு, றகரம், கால் என்று மூன்று விசை அழுத்துவோம். அந்த மாற்றி கொம்பையும் காலையும் இரண்டு தனி எழுத்தாகவே விட்டிருந்தது. யுனிகோடில் ஒகரக் குறிக்கென்று ஒரே இடம் இருக்கிறது. இரண்டு வடிவமும் திரையில் அச்சொட்டாக ஒன்றுபோலத்தான் தெரியும். தேடும்போதும் ஒப்பிடும்போதும் கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஓகாரத்திலும் ஔகாரத்திலும் இதே சிக்கல் வரும். 'திருகோணமலை' என்று எழுதினாலே போதும், மாட்டிக்கொள்ளலாம். ஸ்ரீ என்று தொடங்கும் பெயர் உள்ளவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். வழக்கமான ஸ் கொண்டும் எழுதலாம். 2005 இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட ஶ் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். வேறுபட்ட வடிவங்களை ஒன்றாக்கும் எந்த நியமப்படுத்தலும் இந்த இரண்டை ஒன்றாக்காது.

ஒகரச் சிக்கலுக்கு மருந்து எளிது. பைதன் நிரல் மொழியுடனே வரும் யுனிகோட் நூலகத்தில் 'என்எஃப்சி' என்ற நியமப்படுத்தல் இருக்கிறது. பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் அது ஒன்றாக்கிவிடும். ஐந்தாறு வரியில் ஒரு சிறு நிரல் எழுதினேன்: பெயரை வாங்கி, நியமப்படுத்தி, ஒவ்வொரு குறியின் எண்ணையும் மொத்த பைட் கணக்கையும் அச்சிடும். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வந்துவிடும் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இடைவெளிகளையும் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு எந்தப் பெயரையும் இந்த நிரலுக்குள் விட்டு எடுக்காமல் எந்தப் படிவத்திலும் ஒட்டவில்லை.

பதிவு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். ஆங்கில எழுத்து மட்டும்தான் தாங்கும் என்று பதில் வந்தது. டொட் கொம்மில் உரிமையாளரின் விவரம் மேலே உள்ள மையப் பதிவேட்டில் வைக்கப்படுவதில்லை. எந்த நிறுவனத்தில் வாங்கினோமோ அங்கேதான் இருக்கிறது. எனவே அவர்களின் தரவுத்தளம் எதைத் தாங்குமோ அதுதான் நமக்கு.

மாற்று வழிகளாகச் சிலவற்றைப் பார்த்தேன். நண்பர் ஒருவர் பியூனிக்கோடாக (Punycode) மாற்றிப் போடச் சொன்னார். தமிழில் உள்ள டொமைன் பெயர்கள் உள்ளுக்குள் அப்படித்தான் ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் உருமாறிப் போகின்றன. 2010 முதல் இருக்கும் நம்முடைய டொட் இலங்கை முகவரிகளும் அந்த வழியில்தான் இயங்குகின்றன. ஆனால் அது தளத்தின் பெயருக்கு உரிய முறை. உரிமையாளரின் பெயரை அப்படிப் போட்டால் எந்தத் திரையும் அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டாது. சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அலுவலர் முன்னால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் ஒன்றுதான் இருக்கும். அந்த வழியை விட்டேன்.

அடுத்தது தானியங்கி ஒலிபெயர்ப்பு. ஆங்கில எழுத்தில் ஒரு வடிவம் எப்படியும் தேவை என்பதால் இரண்டு மூன்று மென்பொருட்களில் கொடுத்துப் பார்த்தேன். ழகரத்துக்கு ஒன்று எல் போட்டது, ஒன்று இசட்டும் எச்சும் போட்டது. றகரம் இரட்டித்த இடத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஐஎஸ்ஓ 15919 என்ற சர்வதேச ஒலிபெயர்ப்பு முறை துல்லியமானதுதான். ஆனால் எழுத்துகளுக்கு அடியில் கோடும் புள்ளியும் வரும், ஆங்கிலப் பெட்டிக்குள் அவை போகாது. என் வீட்டு முகவரியையும் சோதனைக்குக் கொடுத்தேன். உவர்மலையை ஒலிக்கு ஒலி மாற்றித் தந்தன; தபாலிலும் வங்கியிலும் ஆங்கிலத்தில் அது ஓர்ஸ் ஹில். முகவரியைச் சரிபார்க்க யாராவது வந்தால் ஒலிபெயர்த்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

அச்சிட்ட வடிவங்களைப் பொருளாளர் அக்காவிடம் காட்டினேன். "தம்பி, இதில் எதைக் கொண்டுபோனாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். காசோலையில் உள்ளதையே போடுங்கள்" என்றார். அதுதான் சரியான முடிவு. ஆங்கில வடிவம் எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது சங்கம். மென்பொருள் அல்ல, நானும் அல்ல. அடுத்த கூட்டத்தில் அந்த எழுத்துக்கூட்டலைத் தீர்மானமாகவே பதிந்தார்கள். இது உலக அளவிலும் பேசி முடித்த விஷயம்தான். டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகானின் பணிக்குழு ஒன்று, தொடர்பு விவரங்களைக் கட்டாயமாக மொழிபெயர்க்கவோ ஒலிபெயர்க்கவோ வேண்டியதில்லை என்று 2015 இல் பரிந்துரைத்தது. இயக்குநர் சபையும் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. நிறுவனம் எந்த மொழிகளை ஏற்கிறதோ அவற்றில் எதிலும் உரிமையாளர் தம் விவரத்தைக் கொடுக்கலாம் என்பதுதான் அங்கே நிலைப்பாடு. அதில் 'நிறுவனம் ஏற்கிற' என்ற சொல்லில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

ஆகவே ஏற்கிற நிறுவனத்தைத் தேட வேண்டியதாயிற்று. பதிவேடுகளும் நிறுவனங்களும் தமக்குள் பேசும் நெறிமுறையில் ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு அறை உண்டு: ஒன்று 'சர்வதேச' வடிவம், ஆங்கில எழுத்து மட்டும், மற்றது 'உள்ளூர்' வடிவம், எந்த மொழியும் போகலாம். 2009 ஆம் ஆண்டுத் தர ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது. பெயருக்கு 255 எழுத்துவரை இடமும் உண்டு. இவ்வளவு காலமாக அந்த இரண்டாவது அறை பெரும்பாலான படிவங்களில் கண்ணிலேயே காட்டப்படுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தந்தது. அறை கட்டி வைத்திருக்கிறார்கள், கதவு வைக்கவில்லை.

பல நிறுவனங்களுக்கு எழுதினேன். தமிழ் எழுத்தைச் சேமிப்பீர்களா, தேடலில் அப்படியே காட்டுவீர்களா, இரண்டு வடிவத்தையும் ஒன்றாக வைப்பீர்களா என்று கேட்டேன். பெரும்பாலும் பொதுவான பதில்களே வந்தன. கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், மலிவான சோதனை டொமைன்களை என் பெயரில் வாங்கி, அமைப்பின் பெயர்ப் பெட்டியில் சங்கத்தின் பெயரைப் போன்ற நீளமுள்ள சொற்றொடரைப் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் அது 'கடற்றொழிலாளர் கூட்டுறவ' என்று அறுந்து நின்றது. அப்படியே எண்ணிப் பார்த்தால் சரியாக 64 பைட். ஆங்கிலத்துக்கு 64 எழுத்து என்று நினைத்துக் கட்டிய பெட்டி, தமிழுக்கு மூன்றில் ஒரு பங்குதான் இடம் தருகிறது.

இன்னோரிடத்தில், டொமைன் யாருடையது என்று காட்டும் பழைய ஹூஇஸ் தேடலில் விசித்திரமான எழுத்துகள் வந்தன. தலையில் சாய்கோடு போட்ட ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி. திரும்பத் திரும்ப அதே மூன்று மூன்றாக. பார்த்த மாத்திரத்தில் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும். இது கேள்விக்குறி வகையல்ல. தமிழின் மூன்று பைட்டையும் மேற்கு ஐரோப்பிய எழுத்தாக வாசித்தால் இப்படித்தான் தெரியும். தரவு கெடவில்லை, வாசிக்கிற பக்கம் தவறாக ஊகித்திருக்கிறது. வந்த பதிலை அப்படியே கோப்பில் சேமித்து தமிழ் உட்பட எல்லா மொழிகளையும் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 குறிமுறையில் திறந்தபோது பெயர் முழுதாக இருந்தது. என் விண்டோஸ் கட்டளைத் திரையின் குறிமுறையை 65001 ஆக மாற்றியதும் திரையிலும் தமிழ் வந்தது. ஹூஇஸ் நெறிமுறையில் 'நான் இந்தக் குறிமுறையில் அனுப்புகிறேன்' என்று சொல்லவே வழியில்லை. 2004 இல் வெளிவந்த அதன் தர ஆவணமே அதைக் குறைபாடாக ஒப்புக்கொள்கிறது. அதற்கு அடுத்து வந்த ஆர்டாப் முறை 2015 இல் தரமாயிற்று. அதில் பதில் ஜேசன் என்ற தரவு வடிவில், யுடிஎஃப்-8 இல் வரும். ஒரு பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்று குறியிடவும் இடமுண்டு. 2025 ஜனவரி 28க்குப் பிறகு பொது டொமைன்களுக்கு ஹூஇஸ் சேவையைக் கட்டாயம் நடத்த வேண்டியதில்லை. இனி ஆர்டாப்பையே பார்க்க வேண்டும்.

அந்த நிறுவனத்தின் ஆர்டாப் பதிலில் பெயர் பின்சாய்கோடும் 'யு'வும் நான்கு இலக்கமுமாக வரிசையாக வந்தது. அதுவும் பிழையல்ல, ஜேசன் எழுத்துகளை அப்படி எழுத அனுமதிக்கிறது. வாசிக்கும் கருவி அதைத் தமிழாக்கிவிடும். என் நிரலில் கொடுத்தேன்: 13, 11, 6. ஒகரம் ஒரே குறியாக இருந்தது. சங்கத்தின் டொமைனை இங்கேதான் கொண்டுவருவது என்று தீர்மானித்தேன்.

மாற்றும் வேலை சுலபமாகவே முடிந்தது. பழைய நிறுவனத்தில் பூட்டைத் திறந்து, அனுமதிக் குறியீட்டை எடுத்து, புதிய இடத்தில் கொடுத்துக் கட்டணம் செலுத்தினேன். இடமாற்றத்தோடு டொமைனின் காலம் ஓராண்டு கூடும் என்பதால் அந்தப் பணம் வீணில்லை. பிறகு பெயரின் இரண்டு வடிவத்தையும் ஏற்றினேன். தொலைபேசி எண்ணை 026 என்று தொடங்கி எழுதினால் ஏற்காது. கூட்டல் குறி, 94, ஒரு புள்ளி, அதன்பின் முதற்சுழியம் இல்லாத எண் என்று கொடுக்க வேண்டும். தபால் குறியீடு 31000 சிக்கலின்றிப் போயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் நேரில் போய் நின்றேன். உரிமையாளரின் மின்னஞ்சலை 15 நாட்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் டொமைனை நிறுத்தி வைக்கலாம் என்பது விதி. அந்த அஞ்சல் ஆங்கிலத்தில், 'உடனே இங்கே அழுத்துங்கள்' என்ற தொனியில் வரும். மோசடி அஞ்சல் என்று நினைத்து யாராவது அழித்துவிட்டால் எல்லாம் போய்விடும். எனவே சங்கக் கந்தோரில் செயலாளர் பக்கத்தில் இருந்து, அனுப்பியவரின் முகவரியை இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்து, அவர் கையாலேயே அழுத்தவைத்தேன்.

செலவு: இடமாற்றக் கட்டணம் கிட்டத்தட்ட 4,200 ரூபா. சோதனை டொமைன்களுக்கு 2,500 ரூபாவுக்குள். அதை நானே ஏற்றுக்கொண்டேன். சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்கு 2,000 ரூபா வாங்கினார். அதிலும் காசோலையில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தும்படி தீர்மானத்தின் பிரதியைக் கொடுத்தோம். தப்பித்தவறி நான்காவது வடிவம் ஒன்று பிறந்துவிடக் கூடாது. பிரதிகளைச் சமாதான நீதவான் ஒருவர் காசு வாங்காமல் உறுதிப்படுத்தித் தந்தார். எல்லாம் ஒரே உறையில், கூட்டறிக்கைப் புத்தகத்தோடு பெட்டகத்தில் இருக்கின்றன.

அடுத்த முறை செய்யும்போது வரிசையை மாற்றுவேன். முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குத் தீர்மானம். அடுத்தது, பெயரைப் பழைய கோப்பிலிருந்து எடுக்காமல் சான்றிதழைப் பார்த்து யுனிகோட் விசைப்பலகையில் புதிதாகத் தட்டெழுதுவது. நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் நேரே சோதனை டொமைன். சோதனைக்குச் சின்னப் பெயர் கொடுக்கக் கூடாது. உண்மையான பெயரின் முழு நீளத்தையும், ஒகரமோ ஓகாரமோ உள்ள சொல்லையும் கொடுத்தால்தான் அறுபடுவதும் பிரிவதும் வெளியே வரும். எண்ணும் நிரலோடு இன்னொன்றையும் சேர்த்துவிட்டேன்: வாரம் ஒருமுறை ஆர்டாப்பைக் கேட்டு, அமைப்பின் பெயரோ காலாவதித் தேதியோ மாறியிருந்தால் எனக்கும் செயலாளருக்கும் தமிழில் ஓர் அஞ்சல் அனுப்பும். பல நிறுவனங்கள் தனியுரிமைக்காகப் பொதுத் தேடலில் உரிமையாளர் விவரத்தை மறைத்துவிடும். அமைப்பின் பெயரைக் காட்டச் சம்மதம் என்று கணக்கில் தனியாகக் குறியிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கண்காணிப்புக்கு எதுவும் அகப்படாது.

இன்னும் தீராதது நகரப் பெட்டி. புதிய நிறுவனத்தில் பெயரும் வீதியும் தமிழில் நிற்கின்றன. 'நகரம்' என்ற பெட்டி மட்டும் திருகோணமலையை ஏற்க மறுத்து, பட்டியலில் இருந்து ஆங்கிலத்தில் தெரிவு செய்யச் சொல்கிறது. திரையைப் பிடித்த படத்தோடும் பைட் கணக்கோடும் அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பொறியியல் பிரிவுக்கு அனுப்பியதாகப் பதில் வந்திருக்கிறது. அடுத்த வருடாந்தச் சரிபார்ப்பு அஞ்சல் வருவதற்குள் அதுவும் தமிழில் மாறவில்லையென்றால், மீண்டும் சோதனை டொமைன் வாங்கித் தேடத் தொடங்குவேன்.